கோமாரி பரவும்போது தூண்டில் போடலாமா? பிரிட்டன் அனுபவத்தை முன்வைத்துச் சில கேள்வி பதில்கள்

2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் வெடித்தபோது வயல்வழிப் பாதைகள் மூடப்பட்டன, குதிரைப் பந்தயங்கள் ரத்தாயின, மே மாதம் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலே ஜூனுக்குத் தள்ளிப்போனது. கூடவே ஆற்றங்கரைகளும் காலியாயின. 'மாட்டுக்கு வந்த நோய்க்கு மீன் பிடிக்கிறவன் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?' என்று அப்போதே தூண்டில்காரர்கள் கேட்டார்கள். 2007இல் சர்ரே மாவட்டத்தில் நோய் தலைகாட்டியபோதும் அதே கேள்வி எழுந்தது. 2025 ஜனவரியில் ஜெர்மனியிலும் மார்ச்சில் ஹங்கேரி, ஸ்லோவாக்கியாவிலும் கோமாரி திரும்பி வந்தது. அதனால் கேள்வி பழையதாகிவிடவில்லை.

மீனுக்குக் கோமாரி வருமா?

வராது. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, பன்றி, மான் என்று பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளைத்தான் இந்த வைரஸ் தாக்கும். குதிரைக்குக்கூட வராது. மனிதருக்கு வருவது அபூர்வத்திலும் அபூர்வம். பிரிட்டனில் 1966இல் நார்தம்பர்லாண்டில் ஒரே ஒருவருக்கு வந்ததாகப் பதிவு இருக்கிறது, அதுவும் லேசாக வந்து போனது. பிடித்த மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்படியானால் தூண்டில்காரர் எதற்காக நிறுத்த வேண்டும்?

ஆபத்து தண்ணீருக்குப் போகும் வழியில் இருக்கிறது. இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ ஆற்றில் சால்மன் பிடிக்கப் போகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். குறுகலான கிராமச் சாலையில் வந்து, பண்ணைக் கேட்டுக்குப் பக்கத்தில், டிராக்டர் தடம் பதிந்த சேற்றில் காரை நிறுத்துகிறார். வேலிப்படியில் ஏறி இறங்கி, செம்மறிகள் மேயும் வயலைக் குறுக்காகக் கடக்கிறார். கரை எங்கே சரிந்து இறங்க வசதியாக இருக்கிறதோ அங்கேதான் தண்ணீரில் இறங்குவார். மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்குவதும் அதே இடத்தில்தான். சாணமும் எச்சிலும் குளம்பில் மிதிபட்ட சேறுமாகக் கிடக்கும். அங்கே நின்றுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் மீன் கடிக்கவில்லை என்று காரை எடுத்துக்கொண்டு இருபது மைல் தள்ளி இன்னொரு பண்ணை வழியாக இன்னொரு மடுவுக்குப் போவார்.

நோய் கண்ட விலங்கின் கொப்புள நீர், எச்சில், பால், சாணம் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். கொப்புளம் வெளியே தெரிவதற்கு முன்பே அது வெளியேறத் தொடங்கிவிடும். வெயிலும் வறட்சியும் பட்டால் சீக்கிரம் செத்துவிடும். பிரிட்டனின் குளிர்காலத்துக் குளிரும் ஈரமும் அதற்குத் தோதானவை. சேற்றிலும் வைக்கோலிலும் சாணத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

சேறு நோயைக் கொண்டுபோகும் என்பது வெறும் பயம் இல்லை. 2007இல் நடந்ததே சாட்சி. சர்ரேயில் பிர்பிரைட் என்ற இடத்தில் கோமாரி ஆய்வுக்கூடமும் தடுப்பூசித் தொழிற்சாலையும் ஒரே வளாகத்தில் இருந்தன. கழிவுநீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டு வைரஸ் மண்ணில் கலந்தது. அங்கே கட்டுமான வேலைக்கு வந்த வண்டிகளின் சக்கரத்தில் ஒட்டிய மண்தான் பக்கத்துப் பண்ணைப் பாதைவரை நோயைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். லாரி டயருக்குப் பொருந்துவது தூண்டில்காரரின் காருக்கும் பொருந்தும்.

2001இல் என்னதான் நடந்தது?

பிப்ரவரி 19 அன்று எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளின் காலில் கொப்புளம் இருப்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்தார். மறுநாள் கோமாரி என்று உறுதியானது. தடம் பிடித்துப் போனால் அது இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாண்டின் ஹெடன் ஆன் த வால் ஊரில் ஒரு பன்றிப் பண்ணைக்கு இட்டுச்சென்றது. சரியாக வேகவைக்காத எச்சில் உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டதில் நோய் உள்ளே வந்திருந்தது. அங்கிருந்து பக்கத்துச் செம்மறிகளுக்குத் தாவியது. செம்மறிகள் ஹெக்ஸம் சந்தைக்கும், பிறகு வடமேற்கு இங்கிலாந்தில் கம்பிரியாவின் லாங்டவுன் சந்தைக்கும் போய், வியாபாரிகளின் லாரிகளில் நாடெங்கும் பிரிந்தன.

செம்மறிக்குக் கோமாரி வந்தால் அறிகுறி லேசாகத்தான் இருக்கும். கொஞ்சம் நொண்டும், ஓரிரு நாளில் சரியாகிவிட்டது போலத் தெரியும். அதனால் யாரும் கவனிக்கவில்லை. பிப்ரவரி 23 அன்று கால்நடை நடமாட்டத்துக்கே தடை போட்டார்கள். அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. முதல் நோய் உறுதியான நேரத்திலேயே குறைந்தது 57 பண்ணைகளில் வைரஸ் நுழைந்துவிட்டிருந்தது என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 40 பண்ணைகளுக்கு மேல் புதிதாகச் சேர்ந்தன. செப்டம்பர் 30 அன்று கம்பிரியாவில் கடைசிப் பண்ணையில் நோய் உறுதியாகும்வரை மொத்தம் 2,026 பண்ணைகள். கொன்று எரித்ததும் புதைத்ததும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள். இவற்றில் பெரும்பாலானவை நோயே வராதவை. பக்கத்துப் பண்ணை என்பதற்காகவும், நடமாட்டத் தடையால் தீவனமின்றி மாட்டிக்கொண்டதற்காகவும் கொல்லப்பட்டவை.

அந்தச் சமயம் தூண்டில்காரர்களுக்கு எவ்வளவு இழப்பு?

எந்த மீன் பிடிக்கிறவர் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளில் சப், பார்பெல், ரோச் போன்ற சாதாரண நன்னீர் மீன்களை மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை எப்படியும் பிடிக்கக் கூடாது, இனப்பெருக்கக் காலத் தடை. அதனால் இவர்களுக்குப் போனது பருவத்தின் கடைசி மூன்று வாரங்கள். ஆற்று மீன் கொழுத்திருக்கும் வாரங்கள் அவை, வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் மூன்று வாரம்தான்.

அடி விழுந்தது சால்மன், ட்ரவுட் பிடிக்கிறவர்களுக்கு. வசந்த கால சால்மன் கடலிலிருந்து ஆறேறுகிற மாதங்களும் நோய் உச்சத்தில் இருந்த மாதங்களும் ஒன்றாக வந்தன. கம்பிரியாவின் ஈடன் ஆறு நோயின் நட்டநடுவே ஓடுகிறது. எல்லை தாண்டினால் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ், கேலவே பகுதி, அங்கேயும் நோய்.

தூண்டில்காரர் யாராவது நோயைப் பரப்பியதாக நிரூபணம் உண்டா?

2001இல் அப்படி ஒரு பண்ணைகூடத் தூண்டில்காரர் கணக்கிலோ நடைபயணிகள் கணக்கிலோ எழுதப்படவில்லை. பரப்பியது முதலில் சந்தைச் செம்மறிகள். நடமாட்டத் தடைக்குப் பிறகு பண்ணைக்குப் பண்ணை போய்வந்த ஆட்களும் வண்டிகளும் கருவிகளும், ஓரளவு காற்றும். விலங்கைத் தொடாமல் வயலைக் கடந்து போகிறவரால் வரும் அபாயம் மிகக் குறைவு என்றுதான் அரசின் கால்நடை மருத்துவர்களே அந்த வசந்த காலத்தில் மதிப்பிட்டார்கள்.

விலங்கைத் தொட்டவர் கதை வேறு. நோயுற்ற விலங்குகளைச் சோதித்தவர்களில் ஒருவரின் மூக்கில் 28 மணி நேரம் கழித்தும் வைரஸ் இருந்ததைப் பிர்பிரைட் விஞ்ஞானிகள் 1970 வாக்கிலேயே காட்டியிருக்கிறார்கள்.

யாரும் பரப்பவில்லை என்றால், நிறுத்தியது வீண்தானே?

இல்லை என்பது என் கருத்து. ஆனால் எல்லா மாதங்களுக்கும் சேர்த்து அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதல் இரண்டு மூன்று வாரம் நோய் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 57 பண்ணைகளில் புகுந்த பிறகுதான் முதல் பண்ணையே தெரியவந்தது என்றால், 'என் ஆற்றுப் பக்கம் நோய் இல்லை' என்று யார் அடித்துச் சொல்ல முடியும்? நோய்க்கு அடைகாலம் 2 நாள் முதல் 14 நாள்வரை. இன்று நலமாக மேய்கிற ஆட்டுக்கு அடுத்த வாரம் கொப்புளம் வரலாம். அந்த இருட்டு விலகும்வரை கால்நடை மேயும் நிலத்தில் கால் வைக்காமல் இருப்பதுதான் முறை. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெரும்பாலான கிளப்புகளுக்கு ஆற்றங்கரை சொந்தமில்லை, விவசாயியிடம் குத்தகைக்கு வாங்கியது. அவர் தூக்கம் இல்லாமல் தொழுவத்தைச் சுற்றி வருகிறபோது நாம் இரைப்பெட்டியும் கையுமாக அவர் வயலில் இறங்கினால், அடுத்த வருடம் குத்தகை புதுப்பிக்கப்படுமா என்று யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நோய் எந்த மாவட்டங்களில் இருக்கிறது, எதில் இல்லை என்று வரைபடம் தெளிவான பிறகும் எல்லாவற்றையும் மூடியே வைத்திருந்தது தவறு. 2001 பிப்ரவரி கடைசியில் பாதைகளை மொத்தமாக மூட உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் கிடைத்ததும், நோயின் சுவடே இல்லாத மாவட்டங்களும் மூடின. மூடுவது ஒரு கையெழுத்தில் முடிந்தது. திறக்கச் சொல்லி அரசே கெஞ்ச வேண்டியிருந்தது. மறு வருடம் வெளிவந்த ஆண்டர்சன் விசாரணை அறிக்கை, நாடு முழுக்கப் பாதைகளை அடைத்ததைத் தவறு என்றே சொன்னது.

எந்தத் தண்ணீருக்குப் போகலாம், எதற்குக் கூடாது?

நகரத்துக் கால்வாய், பூங்காவில் உள்ள ஏரி, கடற்கரைப் பாலம், துறைமுகச் சுவர் ஆகியவற்றில் ஆடுமாடு வழியில் குறுக்கிடாது. நோய்ப் பகுதிக்குள் இல்லாதவரை, அங்கே தூண்டில் போடுவதை நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. 2001இன் தொடக்கத்தில் கால்வாய்க் கரைப் பாதைகளையும் அடைத்தார்கள். பல மைல்களுக்கு அவை மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே போகின்றன என்பதால் கிராமப்புறக் கால்வாய்க்கு அது நியாயம். பர்மிங்ஹாம் நகர நடுவில் ஓடும் கால்வாய்க்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

காசு கட்டிப் பிடிக்கும் வளர்ப்புக் குட்டைகளில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: கார் நிறுத்துமிடம்வரை தார்ச்சாலை இருக்கிறதா, சுற்றி வேலி இருக்கிறதா? இருந்தால் போகலாம். அதே குட்டை ஒரு பண்ணை முற்றத்தின் வழியாகத்தான் போக முடிகிற இடத்தில் இருந்தால், உரிமையாளரே திறந்து வைத்திருந்தாலும் போகாதீர்கள். வருமானத்துக்காகக் குட்டை வெட்டிய விவசாயிகள் பலருக்கு அந்தப் பக்கம் மாடுகளும் இருக்கும்.

மேய்ச்சல் நிலத்தின் ஊடே ஓடும் ஆறு, மலையில் செம்மறிகள் திரியும் ஏரி, மான் உலவும் காடு ஆகியவை கூடாது. நோய் இல்லாத மாவட்டம் என்று உறுதியாகும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு ஆணைதான் நடைமுறையில் உள்ளது. நோய் உறுதியான பண்ணையைச் சுற்றிக் குறைந்தது 3 கிலோமீட்டருக்குப் பாதுகாப்பு மண்டலம், குறைந்தது 10 கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு மண்டலம். உள் மண்டலத்தில் பாதைகளை மூடலாம். மூடிய பாதையில் நுழைவது குற்றம், மீன்பிடி உரிமம் கையில் இருந்தாலும் சரி. அந்த உரிமம் தூண்டில் போடத்தான், அடுத்தவர் நிலத்தில் நடக்க அல்ல. 2007இல் நாடு முழுக்கப் பாதைகளை அடைக்காமல் இந்த மண்டல முறையையே கையாண்டார்கள். எட்டுப் பண்ணைகளோடு நோய் அடங்கியது.

கிருமிநாசினி வாளியில் பூட்ஸை முக்கி எடுத்தால் போதாதா?

2001இல் பண்ணை வாசல்தோறும் கிருமிநாசினியில் நனைத்த வைக்கோல் விரிப்பும் ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். வாளியில் காலை நனைத்துவிட்டு நிம்மதியாக உள்ளே போனவர்கள் ஏராளம். பூட்ஸின் அடிப்பள்ளத்தில் சேறு அப்பியிருந்தால் மருந்து அதன் மேல்தோலைத்தான் நனைக்கும், உள்ளே இருக்கும் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. நாலு பேர் கால் முக்கிய வாளியே சேற்றுக் குழம்பாகிவிடும், மருந்தும் வலுவிழக்கும்.

முதலில் பிரஷ்ஷால் தேய்த்துச் சேற்றை முழுக்க எடுக்க வேண்டும், பள்ளங்களில் சிக்கிய சின்னக் கல்லைக்கூட நெம்பி எடுக்க வேண்டும். அதன் பிறகு மருந்து. இந்த வைரஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. காரகாடி அளவு (pH) 6க்குக் கீழே இறங்கினாலோ 9க்கு மேலே ஏறினாலோ நிலைகுலைந்துவிடும். அதனால்தான் சிட்ரிக் அமிலமும் சலவைச் சோடாவும் கோமாரிக்கு மருந்தாகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்.

வழுக்காமல் இருக்க அடியில் கம்பளி ஒட்டிய ஆற்றுப் பூட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனியாக: அதை எத்தனை தேய்த்தாலும் முழுக்கச் சுத்தமாகாது, நாட்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். நோய்க் காலத்தில் ரப்பர் அடி உள்ளதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

தூண்டில், வலை, இரை இவற்றால் ஆபத்தா?

கம்பும் நரம்பும் பெரிய விஷயமில்லை. கரையில் புல்லில் கிடத்தும் பொருட்கள்தான் கவனிக்க வேண்டியவை: மீன் அள்ளும் வலை, பிடித்த மீனை நீரில் போட்டு வைக்கும் நீள வலை, உட்காரும் பெட்டியின் கால்கள், குடையின் முனை. கழுவி, வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். ஆற்றுக்கு ஆறு அந்நிய உயிரினங்களைக் கொண்டுபோகாமல் இருக்க, பிரிட்டனில் 2011 முதல் 'பார், கழுவு, உலர்த்து' என்று ஒரு பிரச்சாரம் நடக்கிறது. அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

புழுவால் ஆபத்து இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சை ஞாபகம் வையுங்கள். மீந்ததைக் கரையில் எறிந்தால் நரியோ பறவையோ தூக்கிக்கொண்டு போய்ப் பன்றிக்குக் கிடைக்கிற இடத்தில் போடலாம். 2001இன் முழு நாசமும் பன்றி தின்ற உணவுக் கழிவில்தான் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர 2025 ஏப்ரலில் பிரிட்டன் தடை போட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

வீட்டில் நாலு ஆடு வளர்க்கிறேன். நான் போகலாமா?

போகாதீர்கள். நோய்க் காலத்தில் கால்நடை வைத்திருப்பவர் இன்னொருவர் மேய்ச்சல் நிலத்துக்குப் போகவே கூடாது.

விவசாயிக்கு இழப்பீடு கிடைத்தது, மற்றவர்களுக்கு?

கொன்ற விலங்குகளுக்கு அரசு நூறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது. ஆற்றை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்க வருகிறவருக்கு வழிகாட்டும் கில்லி எனப்படும் உதவியாளர், தூண்டில் கடைக்காரர், இரண்டு அறையை வாடகைக்கு விடும் மூதாட்டி என்று ஒரு சங்கிலி இருக்கிறது. வரிச் சலுகையும் சிறு மானியமும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. மொத்தச் செலவில் அரசின் பங்கு சுமார் 300 கோடி பவுண்டு, தனியார் இழப்பு சுமார் 500 கோடி பவுண்டு என்று தணிக்கை அறிக்கை சொல்கிறது. சுற்றுலாவும் கிராமத்துச் சிறு தொழிலும்தான் அந்த 500 கோடியில் பெரும்பகுதியைச் சுமந்தன. நாள் கணக்கு இல்லாமல் மூடி வைப்பதை நான் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆள் வராததால் மீனாவது பெருகியதா?

அப்படிச் சொல்ல ஆசைதான். சால்மன் புள்ளிவிவரத்தைப் புரட்டினால் 2001இல் தூண்டிலில் சிக்கியவை குறைவாகத் தெரியும். மீன் குறைந்ததால் அல்ல, கரைக்கு ஆள் போக முடியாததால். அதனால் அந்த ஆண்டு எண்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் குறிப்பு எழுதுகிறார்கள். அவர்களுடைய மீன் கணக்கெடுப்புகளே வயலுக்குள் போக முடியாமல் அந்த ஆண்டு குறைந்துபோயின.

மற்ற கால்நடை நோய்களுக்கும் இதே விதிதானா?

ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நீலநாக்கு நோயைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய கடிப்பூச்சி. உங்கள் பூட்ஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பறவைக் காய்ச்சல் காலத்தில் தூண்டில் போடலாம், கரையில் செத்துக் கிடக்கும் அன்னத்தையோ வாத்தையோ தொடக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் விதிகள் கடுமை. 2017இல் செக் குடியரசிலும் 2018இல் பெல்ஜியத்திலும் காட்டுப்பன்றிகளுக்கு அது வந்தபோது, பன்றிகள் கலைந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காடுகளுக்குள் பொதுமக்களையே விடவில்லை. இரண்டு நாடுகளும் அந்தமுறை நோயை ஒழித்தன.

தமிழ்நாட்டில் கோமாரி வந்தால் யாரும் மீன்பிடிப்பதை நிறுத்துவதில்லையே?

இந்தியாவில் கோமாரி காலங்காலமாக இருந்துவரும் நோய். கொன்று ஒழிப்பது இங்கே வழியில்லை, தடுப்பூசிதான் வழி. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். பிரிட்டன் நோயற்ற நாடு என்ற தகுதியை வைத்து இறைச்சியும் கால்நடையும் ஏற்றுமதி செய்தது. ஊசி போடாத மந்தை, அதனால் எதிர்ப்பாற்றலும் இல்லை. ஒரே ஒரு பண்ணையில் நோய் வந்தாலும் அந்தத் தகுதி போய்விடும். அங்கே ஒரு தூண்டில்காரரின் காலடிச் சேற்றுக்கு இருக்கும் விலை இங்கே இல்லாததற்குக் காரணம் இதுதான். இங்கேயும் நோய் கண்ட தொழுவத்துக்குள் போய்வந்த காலோடு அடுத்த வீட்டுத் தொழுவத்துக்குப் போகக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

விவசாயியிடம் எப்படிக் கேட்பது?

போனில் கேளுங்கள். அனுமதி கேட்பதற்காக அவர் வீட்டு வாசல்வரை காரில் போய் நிற்பது, எதைத் தவிர்க்கக் கேட்கிறோமோ அதையே செய்வதாகும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

கரையில் இருக்கும்போது ஆடு ஒன்று நொண்டுவதைப் பார்த்தால்?

செம்மறி நொண்ட ஆயிரம் காரணம் உண்டு, குளம்பழுகல்தான் பெரும்பாலும். ஆனால் நாலைந்து ஒன்றாக நொண்டினாலோ, மாட்டின் வாயிலிருந்து நூல்நூலாக எச்சில் ஒழுகினாலோ, கிட்டே போய்ப் பார்க்காதீர்கள், படம் எடுக்கவும் நெருங்காதீர்கள். இருக்கும் இடத்திலிருந்தே நிலத்துக்காரரையோ அரசின் கால்நடை நல அலுவலகத்தையோ அழைத்துச் சொல்லுங்கள். கோமாரி சந்தேகத்தை உடனே தெரிவிப்பது பிரிட்டனில் சட்டப்படி கட்டாயம். காரில் ஏறுவதற்கு முன் பூட்ஸைக் கழற்றிப் பையில் கட்டுங்கள், அவர்கள் சொல்லும்வரை வேறு பண்ணைப் பக்கம் போகாதீர்கள்.